முலாம் பூசிய மன்றம்
மார்க் ட்வெயினின் அங்கத நாவல் பற்றிய ஒரு மதிப்பீடு

அரசியல் ஊழலைச் சாடும் இலக்கியத்துக்கு வாசகரிடையே எக்காலத்திலும் வரவேற்பு உண்டு. கைநீட்டி இலஞ்சம் வாங்கும் அரசியல்வாதியை நாவலிலோ நாடக மேடையிலோ காணும்போது நாம் சிரிக்கின்றோம். அவன் அகப்பட்டுக் கொள்ளும்போது கைதட்டுகின்றோம். நீதி நிலைபெற்றுவிட்டது என்ற திருப்தியுடன் வீடு திரும்புகின்றோம். அச்சிரிப்பு எதைச் சாதித்தது, எதைச் சாதிக்காமல் விட்டது என்று கேட்பது விமர்சகனின் கடமை. அங்கதம் எவனை நோக்கி எய்யப்படுகின்றது என்பதோடு, எவன் அதன் இலக்கிலிருந்து தப்பிப் போகின்றான் என்பதையும் அவன் கவனித்தல் வேண்டும். இவ்வினாவை எழுப்புதற்கு மிகப் பொருத்தமான நூலாக நமக்குத் தோன்றுவது, அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வெயினும் அவரது அயலவரான சார்ள்ஸ் டட்லி வார்னரும் கூட்டாக எழுதி 1873ஆம் ஆண்டின் இறுதியில் வெளியிட்ட 'த கில்டட் ஏஜ்' என்ற நாவலாகும். 'பொன்முலாம் பூசிய காலம்' என்று அதன் பெயரைத் தமிழில் வழங்கலாம். உள்நாட்டு யுத்தத்தை அடுத்துவந்த அமெரிக்க வரலாற்றுக் கட்டம் முழுவதற்கும் இந்நாவலின் பெயரே இன்றுவரை நிலைத்துவிட்டது. ஒரு காலகட்டத்துக்கே பெயர் சூட்டும் பேறு எத்தனை நாவல்களுக்குக் கிட்டும்?

கதையின் சாரம் இதுதான். ஹோக்கின்ஸ் என்னும் குடும்பத்தினர் டென்னஸி மாநிலத்தில் 75,000 ஏக்கர் தரிசு நிலத்தை வைத்துக்கொண்டு, என்றோ ஒருநாள் அது தம்மைக் கோடீஸ்வரராக்கும் என்ற கனவில் வறுமைப்படுகின்றனர். தகப்பன் இறந்தபின் அக்கனவு பிள்ளைகளுக்கு முதுசமாகின்றது. மகன் வாஷிங்டன் ஹோக்கின்ஸும் வளர்ப்பு மகள் லோராவும் தலைநகருக்கு வந்து, அபனர் டில்வர்தி என்ற செனற் சபை உறுப்பினரின் ஆதரவைப் பெறுகின்றனர். அடிமைத் தளையினின்றும் விடுபட்ட கறுப்பின மக்களுக்கென ஒரு தொழிற் பல்கலைக்கழகம் அமைக்கவேண்டும். அதற்கு அந்த டென்னஸி நிலத்தை அரசாங்கம் பெருவிலை கொடுத்து வாங்கவேண்டும். இவ்வாறு ஒரு மசோதா உருவாகின்றது. வெளியே தருமம், உள்ளே நில வியாபாரம். மசோதா பிரதிநிதிகள் சபையில் நிறைவேறுகின்றது. ஆனால் டில்வர்தி தமது மறுதேர்தலுக்காக மாநிலச் சட்டசபை உறுப்பினர் ஒருவருக்கு 7,000 டொலர் இலஞ்சம் கொடுக்கிறார். அவ்வுறுப்பினரோ சபை நடுவே எழுந்து அப்பணத்தைப் பகிரங்கமாக வைத்துவிடுகின்றார். டில்வர்தி வீழ்கின்றார், அவரோடு மசோதாவும் வீழ்கின்றது.

இச்சம்பவம் கற்பனையன்று. 1873ஆம் ஆண்டு ஜனவரியில் கன்ஸாஸ் மாநிலச் சட்டசபையில் அலெக்ஸாந்தர் யோர்க் என்பவர் 7,000 டொலரை மேசைமீது வைத்து, செனற் உறுப்பினர் சாமுவேல் பொமரோய் தமது வாக்கை விலைக்கு வாங்கத் தந்த பணம் அது என்று முழங்கினார். பொமரோய் மறுதேர்தலில் தோல்வியுற்றார். செனற் சபை அமைத்த விசாரணைக் குழுவின் பெரும்பான்மையினரோ குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று முடிவு கூறினர். நாவலாசிரியர்கள் இதனை மாற்றங்கள் அதிகமின்றியே கையாண்டனர். பத்திரிகையின் மை உலருமுன் அதனை நாவலாக்கிய துணிவைப் பாராட்டவே வேண்டும். பழிகரப்பு அங்கதம், செம்பொருள் அங்கதம் என்று தொல்காப்பியம் வகுத்த இரண்டனுள், இது செம்பொருள் வகையைச் சார்ந்தது. மறைத்துப் பழிப்பது அன்று, வெளிப்படையாகவே வைவது.

நாவலின் மிகக் கூர்மையான பகுதி ஒரு கணக்கு வழக்கு. ஆற்றைத் திருத்துவதற்கென அரசாங்கம் ஒதுக்கிய தொகை எங்கே போயிற்று என்று ஒருவன் கேட்க, கம்பனித் தலைவர் செலவுகளை ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டுகின்றார். இரு சபைகளின் குழு உறுப்பினருக்கு இவ்வளவு, குழுத் தலைவர்களுக்கு மேலதிகமாக இவ்வளவு, தரகர்களுக்கு இவ்வளவு என்று பட்டியல் நீளுகின்றது. ஒழுக்கசீலர் எனப் பெயரெடுத்த உறுப்பினருக்கு, மசோதாவுக்கு அவர் அளிக்கும் கௌரவத்தின் பொருட்டு, தனி விலை உண்டு. ஈற்றில் ஒதுக்கீட்டைப் பெற்ற கம்பனியே கடனாளியாக நிற்கின்றது. மந்தமான குரலில், ஒரு மளிகைக் கடைக் கணக்கைப் போலச் சொல்லப்படும் இப்பகுதி நூறு மேடைப் பேச்சுக்களுக்கு ஈடானது. சட்டம் ஒரு சரக்கு, அதற்கு விலையுண்டு, விலை ஆளுக்கு ஆள் வேறுபடும். இவ்வுண்மையை அமெரிக்க நாவல் இலக்கியத்தில் இவ்வளவு துலாம்பரமாகச் சொன்ன முன்னோடிகளுள் இவர்களுக்கு இடமுண்டு.

ஆயினும் நாம் கேட்க எடுத்துக்கொண்ட வினா இங்கேதான் தொடங்குகின்றது. நாவல் எழுதப்பட்ட அதே 1873ஆம் ஆண்டின் முற்பகுதியில், பொமரோய் விவகாரத்தினும் பன்மடங்கு பெரியதொரு விவகாரம் வாஷிங்டன் நகரை உலுப்பிக்கொண்டிருந்தது. அதன் பெயர் கிரெடிட் மொபிலியே.

1862ஆம் ஆண்டிலும் 1864ஆம் ஆண்டிலும் நிறைவேறிய சட்டங்களின்படி, பசிபிக் சமுத்திரத்தை நோக்கிச் செல்லும் புகையிரதப் பாதைக்கு அரசாங்கம் மைலுக்கு 16,000, 32,000, 48,000 டொலர் என்று நிலத்தின் தன்மைக்கேற்பக் கடன் முறிகளையும், பாதையின் இருமருங்கும் பெருந்தொகையான நிலத்தையும் வழங்கியது. பாதையமைக்கும் பொறுப்பைப் பெற்ற கம்பனிகளுள் ஒன்று யூனியன் பசிபிக். அதனை ஆட்டிவைத்தோர், நிர்மாண வேலைக்கெனக் கிரெடிட் மொபிலியே என்ற மற்றொரு கம்பனியைத் தாமே உடைமையாக்கிக்கொண்டனர். ஒரு கையால் வேலையைக் கொடுத்து மறு கையால் வாங்கினர். நிர்மாணச் செலவை மிகையாக்கிக் காட்டினர். மிகையனைத்தும் பங்கிலாபமாகத் தம் பைகளுக்குத் திரும்பியது. புகையிரதக் கம்பனி நொய்ந்தது. நிர்மாணக் கம்பனி கொழுத்தது.

இதன் நடுநாயகமாக விளங்கியவர் மஸாசூசெற்ஸ் மாநிலத்தின் மண்வெட்டி உற்பத்தியாளர் ஓக்ஸ் ஏம்ஸ். அவரே பிரதிநிதிகள் சபையின் உறுப்பினரும் ஆவார். 1867ஆம் ஆண்டு முதல் அவர் தம் சக உறுப்பினர் பலருக்குக் கிரெடிட் மொபிலியே பங்குகளை, சந்தைப் பெறுமதியினும் மிகக் குறைந்த முகவிலைக்கு விற்றார். கையில் காசில்லாதவர் பின்னர் வரும் பங்கிலாபத்திலிருந்தே விலையைச் செலுத்தலாம் என்ற சலுகையும் இருந்தது. இலாபம் விலையைக் கட்டிவிடும், பங்கு மீதமாகும். 1872ஆம் ஆண்டு செப்டெம்பரில் நியூயோர்க் 'சன்' பத்திரிகை இதனை அம்பலப்படுத்தியது. உப ஜனாதிபதி கொல்ஃபக்ஸ் முதல், பின்னாளில் ஜனாதிபதியாகிய கார்ஃபீல்ட் வரை பலரது பெயர்கள் அடிபட்டன. விசாரணைக் குழுவின் முடிவோ விந்தையானது. ஏம்ஸ் இலஞ்சம் கொடுத்த குற்றவாளி. பங்கு பெற்றுக்கொண்டோருள் பெரும்பாலோர் இலஞ்சம் என்ற எண்ணத்துடன் பெறவில்லை. கொடுத்தவர் உண்டு, வாங்கியவர் இல்லை! குழு அவரை நீக்கும்படி சிபாரிசு செய்ய, சபை 1873ஆம் ஆண்டு பெப்ரவரி 27ஆந் திகதி 182 வாக்குகளுக்கு 36 என்ற கணக்கில் கண்டனத் தீர்மானத்தோடு நிறுத்திக்கொண்டது.

ஏம்ஸ் தம் தரப்பில் கூறிய நியாயத்தை வாசகர் ஊன்றிக் கவனிக்க வேண்டும். பங்கு பெற்றவர்கள் ஏற்கெனவே புகையிரதப் பாதையை ஆதரித்தவர்கள். நண்பனுக்கு இலஞ்சம் கொடுப்பவன் எவன்? என்பதே அவரது வாதம். அவர் நடிக்கவில்லை. நல்லதொரு தொழிலில் நல்லவர்களைப் பங்காளிகளாக்கியதாகவே அவர் உளமார நம்பினார். கண்டனம் நிறைவேறிய சில வாரங்களில் அவர் காலமானார். யூனியன் பசிபிக் கம்பனி அவருக்கும் அவர் சகோதரருக்கும் வயோமிங் மலைப்புறத்தில் கூர்நுதிக் கோபுரமாக ஒரு நினைவுச் சின்னம் எழுப்பியது. 1883ஆம் ஆண்டில் மஸாசூசெற்ஸ் சட்டசபை அவருடைய களங்கத்தைத் துடைக்கத் தீர்மானம் நிறைவேற்றியது.

டில்வர்தியையும் ஏம்ஸையும் அருகருகே நிறுத்திப் பார்ப்போம். டில்வர்தி வேஷதாரி. வாயிலே வேதம், பையிலே இலஞ்சம். அவருடைய முகமூடியைக் கிழித்தால் கதை முடிந்துவிடும். ஏம்ஸிடம் கிழிப்பதற்கு முகமூடியே இல்லை. தாம் சட்டமியற்றும் மன்றத்திலேயே தம் பங்குகளுக்கு உரம் சேர்ப்பதில் அவருக்கு முரண்பாடு எதுவும் தென்படவில்லை. இவ்விருவருள் மக்களுக்கு அதிகக் கேடு விளைவிப்பவன் யார்? இலஞ்சம் ஒரு தடவை கைமாறுவது. அதற்குச் சாட்சி உண்டு, திகதி உண்டு, மேசைமேல் வைத்துக் காட்டத்தக்க நோட்டுக் கட்டு உண்டு. பங்கோ ஆண்டு முழுவதும் உறுப்பினனின் உள்ளத்தில் இருந்து பேசும். அவனுக்கு யாரும் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. தனக்குத் தானே கொடுத்துக் கொள்கின்றான். அதனைத் தன் மனச்சாட்சியின் குரலென்றே எண்ணியும் கொள்கின்றான். பொய்ம்மையைப் பரிகசிப்பதற்கென்றே பழகிய அங்கதம், உண்மையாகவே தன்னலத்தைப் பொதுநலமென நம்பும் மனிதனின்முன் ஆயுதமிழந்து நிற்கின்றது. ட்வெயின்–வார்னர் நாவலின் அடிப்படைக் குறைபாடு இதுவென்பதே நம் கணிப்பு. காலத்தின் பெரும் நோய் ஏம்ஸ் வடிவில் கண்முன் கிடக்க, அதன் புறத்தே தோன்றிய கொப்புளமாகிய பொமரோயை அவர்கள் தமது பிரதான பாத்திரமாக்கினர்.

நாவல் உண்மையை அணுகவேயில்லை என்று கூறுவது அநியாயம். வாஷிங்டன் ஹோக்கின்ஸ் கபடமறியாதவன். பல்கலைக்கழகம் கறுப்பின மக்களுக்கு நன்மை பயக்கும் என்றும், அதே சமயம் தன் நிலம் விலைபோகும் என்றும் ஒரே மூச்சில் நம்புகின்றான். இரண்டு நம்பிக்கைகளும் அவனுள் மோதுவதேயில்லை. அவனுடைய நண்பரான கேணல் செல்லர்ஸ், வெறுங் கற்பனைத் திட்டங்களில் கோடிகளைக் காணும் மனிதர், வஞ்சகர் அல்லர். நலனும் நம்பிக்கையும் ஒன்றாய்க் குழைந்த இவ்வுள்ளங்களே நாவலின் உண்மையான கண்டுபிடிப்பு. ஆனால் ஆசிரியர்கள் இவர்களை அன்போடு தட்டிக்கொடுத்து விட்டுவிடுகின்றனர். இறுதியில் வாஷிங்டன் நிலவரிச் சீட்டைக் கிழித்தெறிந்து கனவிலிருந்து விடுபடுகின்றான். மனம் திருந்தியது, கதை நிறைந்தது. 1874ஆம் ஆண்டு இக்கதை நாடகமாகியபோது, ஜோன் ரேமண்ட் என்ற நடிகர் செல்லர்ஸ் வேடத்தில் பெரும் புகழீட்டினார். சபையினர் அவரை நேசித்தனர். சட்டமன்றத்தைச் சுட்ட நெருப்பு, மேடைக்கு வந்தபோது குளிர்காய்வதற்கான கணப்பாயிற்று.

கதையில் யார் தண்டனை பெறுகின்றார்கள் என்பதும் சிந்திக்கத்தக்கது. டில்வர்தி எஞ்சிய பதவிக்காலத்தை முடிக்கத் தலைநகர் திரும்பும்போது சக உறுப்பினர் அவரைக் கைகுலுக்கி வரவேற்கின்றனர். இது கூரிய அங்கதம், ஐயமில்லை. ஆனால் அவருக்காகத் தரகு வேலை செய்த லோராவோ பழி சுமந்து, மேடையில் அவமானப்பட்டு, மாரடைப்பால் மடிகின்றாள். அதிகாரம் செய்த பாவத்துக்குப் பெண்ணிடம் வட்டியும் முதலும் அறவிடப்படுகின்றது. எந்தக் கறுப்பின மக்களின் பெயரால் மசோதா வந்ததோ, அவர்களது குரலுக்கு அம்மசோதாவின் கதையில் இடமில்லை. அவர்களுக்கு உண்மையில் ஒரு பல்கலைக்கழகம் தேவைப்பட்டிருக்குமே, மசோதா வீழ்ந்ததில் அவர்கள் இழந்தது என்ன என்ற கேள்வி ஆசிரியர்களுக்கு எழவில்லை. ஊழலின் நட்டத்தைக் கணக்கிடுவோர் திறைசேரியின் நட்டத்தை மட்டும் எண்ணுகின்றனர். தருமத்தின் பெயரைக் களவுக்குப் பயன்படுத்தினால், நாளை உண்மையான தருமத்தையும் மக்கள் நம்பார், அந்நட்டமே பெரிது.

இனி, நாவல் தொடாது விட்ட விடயத்தைச் சட்டமன்றங்கள் தாமே எவ்வாறு கையாண்டன என்று பார்ப்போம். தன் சொந்த நலன் சம்பந்தப்பட்ட விவாதத்தில் உறுப்பினன் விலகிக்கொள்ள வேண்டும் என்ற கோட்பாடு புதிதன்று. ஜெஃபர்ஸன் 1801ஆம் ஆண்டில் வெளியிட்ட பாராளுமன்ற நடைமுறைக் கையேட்டில் அது தெளிவாக உண்டு. நேரடியான பண நலன் உள்ளவர் வாக்களிக்கலாகாது என்பது பிரதிநிதிகள் சபையின் விதியுமாகும். விதி இருந்தும் அது கடிக்கவில்லை. ஏன்? 1874ஆம் ஆண்டில், தேசிய வங்கிகளில் பங்குடைய உறுப்பினர்கள் வங்கி பற்றிய பிரேரணையில் வாக்களிக்கலாமா என்ற பிரச்சினை எழுந்தது. ஒரு தனிமனிதனை மட்டும் பாதிக்காமல் ஒரு வகுப்பினர் முழுவதையும் பாதிக்கும் சட்டமாயின், அவ்வகுப்பைச் சேர்ந்த உறுப்பினர் தாராளமாக வாக்களிக்கலாம் என்று சபாநாயகர் ஜேம்ஸ் பிளெய்ன் தீர்ப்பளித்தார். இதே பிளெய்ன், சபாநாயகராயிருந்த காலத்தில் லிற்றில் ரொக் – ஃபோர்ட் ஸ்மித் புகையிரதக் கம்பனிக்குச் சாதகமாக நடந்து அதன் முறிகளால் ஆதாயம் தேடினார் என்ற குற்றச்சாட்டு 1876ஆம் ஆண்டில் கடிதங்களோடு வெளிவந்தது. 1884ஆம் ஆண்டு ஜனாதிபதித் தேர்தலில் அவர் தோற்றதற்கு அக்கடிதங்களின் நிழலும் ஒரு காரணமாயிற்று.

பிளெய்னின் தீர்ப்பில் நியாயமே இல்லையென்று தள்ளிவிடவும் முடியாது. கமக்காரன் ஒருவன் கமக்காரரின் வாக்கால் சபைக்குப் போய் நெல்லின் விலைக்காகப் பேசுகின்றான். தொழிலாளி ஒருவன் சம்பளச் சட்டத்துக்காகக் கை உயர்த்துகின்றான். அவர்களுக்கும் அதில் நலன் உண்டே? உண்டுதான். ஆனால் அந்நலன் வெளிப்படையானது. அதைச் சொல்லியே அவர்கள் வாக்குக் கேட்டார்கள். அதற்காகவே மக்கள் அவர்களை அனுப்பினார்கள். வங்கிப் பங்குடையவனோ வங்கிப் பங்காளர்களின் பிரதிநிதி என்று சொல்லி வாக்குக் கேட்டவனல்லன். ஊராரின் பிரதிநிதி என்று கேட்டவன். ஊராருக்குச் சொல்லாத நலனுக்காக ஊரார் தந்த வாக்கைப் பயன்படுத்துவதே நம்பிக்கைத் துரோகம். 'வகுப்பு நலன்' என்ற ஒரே பெயரால் இவ்விரண்டையும் சமப்படுத்துவது, உடைமை வர்க்கத்துக்கு மிக வாய்ப்பானதொரு தருக்கம்.

எம்மவருட் சிலர் இத்தகைய விடயம் பேசப்படும்போது உத்தரமேரூர்க் கல்வெட்டை எடுத்துக்காட்டிப் பெருமைப்படுவர். முதலாம் பராந்தகன் காலத்து, 919ஆம் 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்த அச்சாசனங்கள், வாரியப் பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவனை மட்டுமன்றி அவனுடைய நெருங்கிய உறவினரையும் குடவோலையிலிருந்து விலக்கின. நலன் குடும்ப வழியே பாயும் என்பதை அன்று கண்டுகொண்டமை பாராட்டுக்குரியதே. ஆனால் அதே சாசனம், கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும் சொந்த மனையும் வேதக் கல்வியும் உடையவனே உறுப்பினனாகலாம் என்றும் விதித்தது. நிலமுடையோரின் தனிமனிதக் களவைத் தடுத்த அம்மன்றம், நிலமுடைமையையே நுழைவுச் சீட்டாக்கியது. உழுதவன் வெளியே நின்றான். பிளெய்னின் தீர்ப்புக்கும் இதற்கும் தூரம் பெரிதன்று. பழம்பெருமையை வணங்குவதிலும் அதனை அளந்து பார்ப்பதே பயனுடைத்து.

நாவல் விட்ட இடத்தை அமெரிக்காவில் நிரப்ப முயன்றவர் மற்றொரு நாவலாசிரியர். டேவிட் கிரஹாம் பிலிப்ஸ் 1906ஆம் ஆண்டில் 'கொஸ்மொபொலிற்றன்' சஞ்சிகையில் 'செனற் சபையின் துரோகம்' என்ற கட்டுரைத் தொடரை எழுதினார். அவர் தேடியது இலஞ்ச நோட்டுக்களை அன்று. இயக்குநர் சபைப் பட்டியல்களை. நியூயோர்க் மாநிலத்தின் செனற் உறுப்பினரான சோன்ஸி டிப்யூ, அதே காலத்தில் நியூயோர்க் சென்ற்றல் புகையிரதக் கம்பனியின் இயக்குநர் சபைத் தலைவராகவும் இருந்தார். இதில் இரகசியம் ஏதுமில்லை, எல்லோரும் அறிந்ததே. எல்லோரும் அறிந்ததை அறியத்தக்க முறையில் எடுத்துக் கூறியதே பிலிப்ஸின் சாதனை. ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ற் அவ்வாண்டு ஏப்ரலில், குப்பை கிளறுவோர் என்று இத்தகைய எழுத்தாளரைக் கடிந்துரைத்தார். பிலிப்ஸின் நடையில் ஆரவாரம் மிகுதி; கலை நுட்பத்தில் ட்வெயினுக்கு அவர் பக்கத்திலும் நிற்கமுடியாது. அத்தொடரை வெளியிட்ட சஞ்சிகையின் அதிபர் ஹேர்ஸ்ற் அப்பொழுது தாமே கொங்கிரஸ் உறுப்பினராயிருந்த முரணையும் நாம் மறைக்கவேண்டியதில்லை. எனினும் செனற் உறுப்பினரை மக்களே நேரடியாகத் தெரிவுசெய்ய வேண்டுமென்ற கோரிக்கைக்கு அத்தொடர் வலுவூட்டியது. 1913ஆம் ஆண்டில் அது அரசியற் சட்டத்தின் பதினேழாவது திருத்தமாயிற்று. கலைத்திறன் குன்றிய எழுத்து சரியான இலக்கைக் கண்டதும், கலைத்திறன் நிறைந்த எழுத்து இலக்கைத் தவறவிட்டதும் இலக்கிய மாணவர் சிந்திக்கவேண்டிய செய்தி.

தெரிவுமுறை மாறியது, உடைமை மாறவில்லை. 2012ஆம் ஆண்டில் அமெரிக்கக் கொங்கிரஸ், தன் உறுப்பினர் பதவிவழி அறிந்த இரகசியங்களைக்கொண்டு பங்குச்சந்தையில் ஆதாயம் தேடலாகாது என்று ஒரு சட்டம் இயற்றியது. ஆயிரம் டொலருக்கு மேற்பட்ட கொடுக்கல் வாங்கலை 45 நாட்களுக்குள் அறிவிக்கவேண்டும். தவறினால் சாதாரண தண்டம் 200 டொலர். அச்சட்டம் பங்கு வாங்குவதைத் தடுக்கவில்லை. வாங்கியதைச் சொல்லும்படியே பணித்தது. அடுத்த ஆண்டிலேயே, சபை ஊழியர்களின் விபரங்களை இணையத்தில் வெளியிட வேண்டுமென்ற பகுதி விவாதமின்றி நீக்கப்பட்டது. எமது நாட்டிலும் சொத்து, பொறுப்பு விபரங்களை அறிவிக்கும் சட்டம் 1975ஆம் ஆண்டிலேயே வந்தது. 2023ஆம் ஆண்டின் ஊழல் எதிர்ப்புச் சட்டம் அதன் இடத்தைப் பெற்று, வெளிப்படுத்தலுக்கும் வழிசெய்தது. இவை வேண்டத்தக்கனவே. ஆனால் என்ன வைத்திருக்கின்றேன் என்று சொல்வது ஒன்று. அது சம்பந்தப்பட்ட வாக்கெடுப்பிலிருந்து எழுந்து வெளியேறுவது மற்றொன்று. முன்னையது பட்டியல், பின்னையதே அறம்.

வகுப்பறையில் இலக்கியம் கற்பிக்கும் நாம் ஒன்றை அடிக்கடி காண்கின்றோம். 'இப்பாத்திரம் நல்லவனா, கெட்டவனா?' என்று கேட்டால் மாணவர் உடனே விடை கூறிவிடுவர். 'இவனுடைய சோற்றுக்கு வழி எது? அது இவனுடைய பேச்சை எவ்வாறு வளைக்கின்றது?' என்று கேட்டால் நீண்ட மௌனம் நிலவும். அம்மௌனத்துக்கு அவர்கள் பொறுப்பாளிகள் அல்லர். கபடதாரிகளைக் கண்டு சிரிக்க மட்டும் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்த கதைகளே பொறுப்பு. நாளை வாக்குச் சீட்டோடு நிற்கப்போகும் இவர்கள், வேட்பாளரின் நற்குணத்தை விசாரிப்பார்கள். அவருடைய பங்குகளை, காணிகளை, குத்தகைகளை விசாரிக்கத் தோன்றாது. நல்ல மனிதர் என்று நம்பி அனுப்பப்பட்டவர், தமக்கு நல்லதையே நாட்டுக்கு நல்லதென்று உளமார நம்பி வாக்களிப்பார்.

எனவே நம் எழுத்தாளரிடம் நாம் வேண்டுவது இன்னொரு டில்வர்தியை அன்று. அவர்கள் ஏற்கெனவே நம் கதைகளில் நிறைந்துள்ளனர். பண்பாளராய், ஊருக்கு உபகாரியாய், கோயில் திருவிழாவிலும் பாடசாலை விழாவிலும் முன்வரிசையில் அமரும் ஒருவர், தம் காணிக்கருகே செல்லும் வீதிக்காகத் தூய மனத்தோடு கையுயர்த்தும் கணத்தை எழுதுங்கள். அவரை வில்லனாக்க வேண்டாம். அவர் நம்புவதை அவர் நம்பும் வண்ணமே காட்டி, அதன் அடியில் கிடக்கும் காணி உறுதியையும் காட்டுங்கள். பொமரோய்கள் அகப்படுவதற்கு ஒரு யோர்க் போதும். ஏம்ஸ்களை இனங்காணுவதற்கு வாசகர் சமுதாயம் முழுவதும் பயிற்றப்பட வேண்டும். அப்பயிற்சியைத் தரும் பொறுப்பு யதார்த்த இலக்கியத்தினுடையது.